ஜூனில் ஐரோப்பா: ரயில் டிக்கெட்டை இங்கிருந்தே எடுத்துவிடுவதா, அங்கே போய்ப் பார்த்துக்கொள்வதா?

செங்காங்வாசி | திங்கள், இரவு 9.40

வணக்கம். ஜூன் பள்ளி விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து குடும்பத்தோடு ஐரோப்பா போகிறோம். நான், மனைவி, பிள்ளைகள் இருவர் (12, 9), என் அம்மா. விமான டிக்கெட் எடுத்தாகிவிட்டது. பிராங்க்ஃபர்ட்டில் இறங்குகிறோம், லண்டனிலிருந்து திரும்புகிறோம். நடுவில் எல்லாமே ரயில்தான்: பிராங்க்ஃபர்ட்டிலிருந்து பாசெல் வழியாகச் சுவிட்சர்லாந்தின் லூசர்ன், அப்புறம் இன்டர்லாக்கன், அங்கிருந்து பாரிஸ், பாரிஸிலிருந்து லண்டன். முடிந்தால் எடின்பரோவும்.

"எல்லாவற்றையும் இப்பவே எடுத்துடுங்க, அங்கே போய் ஐந்து பேருக்குச் சேர்ந்தாற்போல இடம் தேட முடியாது" என்கிறார் மனைவி. எனக்குத் தயக்கம். அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. ஒருநாள் காலையில் "இன்னிக்கு முடியலப்பா" என்று சொன்னால் கையில் இருக்கும் ஐந்து டிக்கெட்டும் வீண். அம்மா இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கிறார், விசாவும் இன்னும் வரவில்லை. மற்ற நால்வருக்கும் சிங்கப்பூர்க் கடப்பிதழ்.

போய்வந்தவர்கள் எப்படிச் செய்தீர்கள்?

உட்லண்ட்ஸ் சேகர் | திங்கள், இரவு 10.05

எடுக்காதீர்கள் சார். நாங்கள் ஜப்பான் போனபோது ஒரு டிக்கெட்கூட இங்கிருந்து வாங்கவில்லை. தோக்கியோ நிலையத்தில் இயந்திரத்தில் எடுத்தோம், கொஞ்ச நேரத்தில் புல்லட் ரயிலில் உட்கார்ந்துவிட்டோம். பிள்ளைகள் எப்போது எழுந்தார்களோ அதற்கு ஏற்ற மாதிரி கிளம்பினோம். காலை 7.12 ரயில் என்று எழுதி வைத்துக்கொண்டால் முதல் நாள் இரவிலிருந்தே வீட்டில் சண்டைதான். விடுமுறைக்குப் போகிறோம், நிம்மதி முக்கியம்.

ரயில்பித்தன் | திங்கள், இரவு 11.32

சேகர் சொல்வது ஜப்பானுக்குச் சரி. தோக்கியோவிலிருந்து கியோத்தோவுக்கு நொசோமி புல்லட் ரயிலில் சுமார் 14,000 யென். சில முன்பதிவுக் கழிவுகளை (தள்ளுபடிகளை) விட்டுவிட்டால், எப்போது எடுத்தாலும் ஏறக்குறைய அதே விலைதான். நெரிசல் நேரத்தில் ஒரு மணி நேரத்துக்குப் பத்துக்கும் மேற்பட்ட நொசோமி ஓடுகின்றன. ஒன்றை விட்டால் அடுத்தது. அங்கேயும் புத்தாண்டு, மே முதல் வாரம், ஆகஸ்ட் ஓபோன் பண்டிகைச் சமயங்களில் நொசோமியில் முன்பதிவில்லாப் பெட்டியே கிடையாது. நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்த்து 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பயணப்பெட்டி இருந்தால் அதற்கென்று உள்ள இருக்கையை முன்னதாகவே எடுக்க வேண்டும்.

ஆனால் அந்த அனுபவத்தை அப்படியே ஐரோப்பாவுக்குக் கொண்டுபோகக் கூடாது. ஒரே பயணத்தில் நான்கு நாட்டு ரயிலில் ஏறப் போகிறீர்கள், நான்கும் நான்கு விதம். "டிக்கெட்டை முன்னால் எடுக்கலாமா" என்று மொத்தமாகக் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டே கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: நாள் நெருங்க நெருங்க விலை ஏறுமா? இருக்கை தீர்ந்துபோகுமா? இரண்டுக்கும் "ஆமாம்" என்றால் எடுத்துவிடுங்கள். இரண்டுக்கும் "இல்லை" என்றால் தொடவே வேண்டாம்.

பாரிஸ் – லண்டன் (யூரோஸ்டார்): விலை ஏறும், இருக்கையும் தீரும். பள்ளி விடுமுறைக் காலத்தில் கடைசி வாரத்தில் போய் ஐந்து பேருக்குப் பார்த்தால் நெஞ்சு அடைக்கும். இதைத்தான் முதலில் எடுக்க வேண்டும்.

பாசெல் – பாரிஸ் (டிஜிவி லீரியா அதிவேக ரயில்): சுமார் மூன்று மணி நேரம். பிரான்ஸின் டிஜிவி எதிலும் இருக்கை எண் இல்லாமல் ஏற முடியாது. விலையும் விமான டிக்கெட் மாதிரி ஏறும். இதையும் எடுத்துவிடுங்கள்.

பிராங்க்ஃபர்ட் – பாசெல் (ஐசிஇ அதிவேக ரயில்): இங்கேதான் யோசிக்க வேண்டும். ஜெர்மனியில் டிக்கெட் வேறு, இருக்கை வேறு. டிக்கெட் தீர்ந்துபோகாது. ஆனால் இரண்டாம் வகுப்பில் இருக்கைப் பதிவு தனிக் கட்டணம், அது இல்லாமல் ஏறினால் நின்றுகொண்டே போக வேண்டியிருக்கலாம். மலிவான சூப்பர் ஸ்பார்பிரைஸ் டிக்கெட் ஒரே ஒரு ரயிலுக்குத்தான் செல்லும், ரத்து செய்தால் பணம் வராது. ஃப்ளெக்ஸ்பிரைஸ் விலை கூடுதல், அன்றைக்கு அந்தப் பாதையில் எந்த ரயிலிலும் ஏறலாம்.

சுவிட்சர்லாந்துக்குள்: சாதாரண டிக்கெட்டுக்கு நிலையான விலை, அன்றைய எந்த ரயிலிலும் செல்லும். லூசர்ன் பக்கம் ரயில் அடிக்கடி ஓடுகிறது. முன்னால் எடுக்க அவசியமே இல்லை.

எடின்பரோ: பிறகு எழுதுகிறேன், நாளைக் காலை வேலை.

ஈசூன் ராஜி | செவ்வாய், காலை 7.15

ரயில்பித்தன் அண்ணா எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இறங்குகிற நாளில் மட்டும் நேரம் குறித்த மலிவு டிக்கெட் வேண்டவே வேண்டாம்.

நாங்கள் போனபோது சாங்கி விமான நிலையத்திலேயே விமானம் தாமதமாகக் கிளம்பியது. இறங்கி, குடிநுழைவு வரிசையைத் தாண்டி, பெட்டி எடுத்து வெளியே வருவதற்குள் எங்கள் ரயில் போயேவிட்டது. விமான நிறுவனத்திடம் கேட்டால் "ரயில் எங்கள் பொறுப்பில்லை". ரயில் அலுவலகத்தில் கேட்டால் "விமானம் எங்கள் பொறுப்பில்லை". இரண்டுமே உண்மைதான், தனித்தனியாக வாங்கிய டிக்கெட். அன்றைய முழு விலையில் குடும்பம் முழுவதுக்கும் மறுபடி எடுத்தோம். சேமித்ததாக நினைத்த பணத்தைப்போலப் பல மடங்கு போனது. பணத்தைவிட, பதின்மூன்று மணி நேரம் பறந்து வந்த களைப்பில் என் மாமியார் பெட்டிமேல் உட்கார்ந்திருந்த கோலம்தான் மனசைப் பிசைந்தது.

ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள். முதல் இரவு பிராங்க்ஃபர்ட்டிலேயே தங்கிவிட முடியுமா? மறுநாள் காலை ரயில் என்றால் மலிவு டிக்கெட்டையும் பயமில்லாமல் எடுக்கலாம்.

உட்லண்ட்ஸ் சேகர் | செவ்வாய், காலை 8.02

இதைத்தான் நானும் சொல்கிறேன். முன்னால் எடுத்தால் இந்த வம்பு.

ஈசூன் ராஜி | செவ்வாய், காலை 8.20

இல்லை சேகர், அதே பயணத்தில் பாரிஸ் ரயிலை முன்னால் எடுத்ததால்தான் பட்ஜெட் தப்பியது. எதை எடுப்பது, எதை விடுவது என்பதுதான் கேள்வி.

தஞ்சை மைந்தன் | செவ்வாய், பகல் 1.10

கொஞ்சம் விலகிப் போகிறேன், மன்னிக்கவும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போகும் நமக்கு முன்பதிவைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை! எழும்பூரிலிருந்து உழவன், பாண்டியன் ரயில்கள் எல்லாம் பண்டிகை நாளுக்கு முன்பதிவு திறந்த சில நிமிடங்களில் காத்திருப்போர் பட்டியலுக்குப் போய்விடும். முன்பு 120 நாள்களுக்கு முன் எடுக்கலாம், 2024 நவம்பர் 1 முதல் அது 60 நாள் ஆகிவிட்டது. இன்னமும் பலர் பழைய கணக்கிலேயே இருக்கிறார்கள்.

இன்னொன்று, தட்கல் (கடைசி நேர முன்பதிவு) இருக்கிறதே என்று நம்பி இங்கிருந்து கிளம்பாதீர்கள். 2025 ஜூலையிலிருந்து இணையத்தில் தட்கல் எடுக்க ஆதார் சரிபார்த்த கணக்கு வேண்டும். சிங்கப்பூர்க் கடப்பிதழ் வைத்திருக்கும் குடும்பத்தில் ஆதாருக்கு எங்கே போவது? ஊரில் இருக்கும் தம்பியோ மச்சானோ எடுத்துத் தந்தால்தான் உண்டு. காத்திருப்போர் பட்டியல் டிக்கெட்டோடு படுக்கைப் பெட்டியில் ஏறிச் சமாளிப்பதும் முன்பு போல இப்போது நடக்காது.

புங்கோல் நிலா | செவ்வாய், பகல் 1.45

ஊர் வரை எதற்கு, வார இறுதியில் ஜொகூர் பாரு போகும் தெப்ராவ் ரயிலைப் பாருங்கள். ஐந்து வெள்ளி டிக்கெட், ஐந்து நிமிடப் பயணம், ஆனால் பள்ளி விடுமுறை என்றால் வாரக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடுகிறது. உட்லண்ட்ஸில் போய் நின்று வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது நினைத்தால் பேருந்தில்தான் போவார்கள். இப்போது ஜொகூர் பாருவின் ஜேபி சென்ட்ரல் நிலையத்திலிருந்து கோலாலம்பூருக்கு மின்ரயிலும் வந்துவிட்டதால் அங்கேயும் விடுமுறைக் கூட்டம்தான்.

செங்காங்வாசி | செவ்வாய், இரவு 9.15

எல்லாருக்கும் நன்றி. ராஜி அக்கா, உங்கள் பதிவை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். முதல் இரவு பிராங்க்ஃபர்ட்டில் தங்கலாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

சுவிட்சர்லாந்து பற்றி இன்னும் குழப்பம். யுங்ஃபிராவ் மலைக்கு இப்போதே எடுக்கச் சொல்லி விளம்பரம் வந்துகொண்டே இருக்கிறது. சுவிஸ் டிராவல் பாஸா, பாதிக் கட்டண அட்டையா என்றும் புரியவில்லை.

மலர்விழி பீஷான் | செவ்வாய், இரவு 10.50

அண்ணா, யுங்ஃபிராவ்யோக் (அந்த மலை ரயிலின் உச்சி நிலையம்) டிக்கெட்டை இங்கிருந்து எடுக்காதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். அது 3,454 மீட்டர் உயரம். மேகம் மூடிவிட்டால் மேலே வெள்ளைச் சுவரைத் தவிர ஒன்றும் தெரியாது. நேரலைக் கேமரா இருக்கிறது. இன்டர்லாக்கனில் தங்கும் நாள்களில் முதல் நாள் மாலை வானிலை பாருங்கள், காலையில் எழுந்ததும் கேமராவைப் பாருங்கள், பனியும் நீல வானமும் தெரிந்தால் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். கோடையில் கூட்டம் இருக்கும் என்பதால் மேலே போகும் ரயிலுக்கு இருக்கைப் பதிவை மட்டும் முதல் நாளே செய்துவிட்டால் நல்லது. அம்மாவை அந்த உயரத்துக்கு அழைத்துப் போகலாமா என்று இங்கேயே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

பாஸ் விஷயம்: தினமும் ரயில், படகு, பேருந்து, அருங்காட்சியகம் என்று சுற்றுகிறவர்களுக்கு டிராவல் பாஸ் லாபம். ஒரே ஊரில் தங்கி ஒன்றிரண்டு பெரிய மலைக்கு மட்டும் போகிறவர்களுக்குப் பாதிக் கட்டண அட்டைதான் கட்டுப்படியாகும். யுங்ஃபிராவில் அந்த அட்டைக்கு முழுப் பயணத்திலும் பாதி விலை. டிராவல் பாஸோ வழியில் உள்ள வெங்கன், கிரிண்டல்வால்ட் ஊர்கள் வரைதான் முழுதாகச் செல்லும், அதற்கு மேலே 25 விழுக்காடு கழிவுதான். அம்மாவின் முழங்காலை வைத்துப் பார்த்தால் நீங்கள் தினமும் ஓடப் போவதில்லை என்று நினைக்கிறேன். எதை வாங்கினாலும் பிள்ளைகளுக்கு ஃபேமிலி கார்டு கேட்டு வாங்குங்கள், அது இலவசம். 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெற்றோரோடு இலவசமாகப் போகலாம். கேட்காமல் விட்டுவிட்டுப் பிள்ளைகளுக்கும் காசு கட்டுகிறவர்கள் நிறைய.

அப்புறம், பாசெல் நகரத்தில் இரண்டு பெரிய நிலையங்கள் உண்டு. ஜெர்மனியிலிருந்து வரும்போது முதலில் வருவது பாசெல் பாடிஷர் பான்ஹோஃப். "பாசெல்" என்ற பெயரைப் பார்த்ததும் பெட்டிகளை இறக்கிவிடாதீர்கள். லூசர்ன் ரயில் ஏற அதற்கடுத்து வரும் பாசெல் எஸ்பிபி நிலையத்தில் இறங்க வேண்டும்.

ரயில்பித்தன் | புதன், காலை 6.50

மலர்விழி அருமையாக எழுதிவிட்டார். விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன்.

எடின்பரோ: பிரிட்டனில் 'அட்வான்ஸ்' டிக்கெட் வழக்கமாகப் பன்னிரண்டு வாரங்களுக்கு முன் விற்பனைக்கு வரும். குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும்தான் செல்லும், ஆனால் அன்றைய விலைக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து நாலரை மணி நேரப் பயணம், போவது உறுதி என்றால் எடுத்துவிடுங்கள். ஃபேமிலி அண்ட் ஃபிரெண்ட்ஸ் ரெயில்கார்டு வாங்கினால் பெரியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு 60 விழுக்காடு கழிவு. லண்டன் நகருக்குள் எதையும் முன்னால் வாங்க வேண்டாம். இங்கே எம்ஆர்டியில் வங்கி அட்டையைத் தட்டுவதுபோலவே அங்கேயும் தட்டலாம், ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்ற வரம்பும் தானாகவே கணக்காகும். கட்டணம் கட்டும் ஒவ்வொருவருக்கும் தனி அட்டை வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

பிராங்க்ஃபர்ட் – பாசெல்: மறுநாள் காலை போவதாக முடிவு செய்தது நல்லது. ஜூன் தொடக்கத்தில் ஜெர்மனியின் தென்மேற்கு மாநிலத்தில் பெந்தெகொஸ்தே விடுமுறை வரும், அந்தப் பாதை நிரம்பி வழியும். எனவே டிக்கெட்டோடு ஐந்து இருக்கைகளையும் சேர்த்தே பதிவு செய்யுங்கள். ரயில் தாமதத்தால் போய்ச்சேர 20 நிமிடமோ அதற்கு மேலோ கூடுதலாக ஆகும் என்று தெரிந்தால், 'இந்த ரயில்தான்' என்ற கட்டுப்பாடு ஜெர்மன் டிக்கெட்டில் விலகிவிடும், வேறு ரயிலில் ஏறலாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் கட்டணத்தில் 25 விழுக்காடும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் என்றால் பாதியும் கேட்டு வாங்கலாம். பாசெலிலிருந்து லூசர்னுக்கு நேரம் குறித்த டிக்கெட் வேண்டாம், அங்கே இறங்கியதும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உட்லண்ட்ஸ் சேகர் | புதன், காலை 8.30

சரி, பாரிஸ், லண்டன் விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் என் கவலை வேறு. அம்மாவுக்கு அன்று காலை முடியவில்லை என்றால்? பணம் போகட்டும், "என்னால்தானே இவ்வளவு பணம் வீணாச்சு" என்று அந்த அம்மா விடுமுறை முழுக்க நினைத்துக்கொண்டே இருப்பார். நம் வீட்டுப் பெரியவர்கள் அப்படித்தான். வலித்தாலும் சொல்லாமல் நடப்பார்கள்.

ரயில்பித்தன் | புதன், பகல் 12.40

சேகர், இந்த இழையிலேயே முக்கியமான வரி இது. அதனால்தான் கட்டிப்போடும் டிக்கெட் குறைவாக இருக்க வேண்டும் என்கிறேன். என் எண்ணம்: நேரம் குறித்த ரயில்கள் நான்குதான் இருக்கட்டும் (பாசெல், பாரிஸ், லண்டன், எடின்பரோ), அவையும் காலை பத்து, பதினொரு மணிக்கு மேல் கிளம்புவதாக இருக்கட்டும். அதிகாலை ரயில் பத்து இருபது யூரோ குறைவாகத் தெரியும். வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் முதல் நாள் ஓய்வு நாளாக விடுங்கள். மலைப் பயணத்துக்கு மறுநாளே பாரிஸ் ரயில் என்று போடாதீர்கள். எடுக்கும்போது மாற்றிக்கொள்ளும் வசதி உள்ள வகையையும் பாருங்கள், ஐந்து பேருக்கும் சேர்த்து வித்தியாசம் தாங்கக்கூடியதாக இருந்தால் அதையே எடுங்கள்.

பிடோக் கதிர் | புதன், மாலை 6.25

யாரும் விசாவைத் தொடவில்லையே. அம்மாவின் ஷெங்கன் விசாவும் (ஜெர்மனி, சுவிஸ், பிரான்ஸ் மூன்றுக்கும் இது ஒன்றே) பிரிட்டன் விசாவும் கையில் வரும்வரை திருப்பித் தராத டிக்கெட் எதையும் எடுக்காதீர்கள். விண்ணப்பத்தில் பயணத்திட்டம் கேட்கிறார்களே என்று அவசரப்பட்டு மலிவு டிக்கெட்டை எடுத்துவிட்டு, விசா தேதி தள்ளிப்போய்த் தவித்தவர்களை என் அலுவலகத்திலேயே பார்த்திருக்கிறேன். ரத்து செய்யக்கூடிய விடுதிப் பதிவும் எழுதிய பயணத்திட்டமும் வைத்து விண்ணப்பிக்கலாம். கொஞ்சம் விலை ஏறினால் ஏறட்டும். சிங்கப்பூர்க் கடப்பிதழ் உள்ள நால்வரும் பிரிட்டனுக்கான இடிஏ என்ற மின்னணுப் பயண அனுமதியை மறக்க வேண்டாம், 2025 ஜனவரியிலிருந்து அது கட்டாயம். பிள்ளைகளுக்கும் தனித்தனியே எடுக்க வேண்டும்.

பெயர் விஷயமும் இருக்கிறது. கடப்பிதழில் எஸ்/ஓ, டி/ஓ இருக்கிற நம்மவர்களுக்கு இந்தத் தளங்களில் அந்தச் சாய்கோடு பெரும்பாலும் ஏறாது, சிவப்பில் பிழை காட்டும். சாய்கோட்டை எடுத்துவிட்டு, உங்கள் பெயரை முதல் கட்டத்திலும் அப்பா பெயரை இரண்டாம் கட்டத்திலும் போடுங்கள். அம்மாவின் இந்தியக் கடப்பிதழில் குடும்பப்பெயர் இடம் காலியாக இருந்தால் அவர் பெயரையே இரண்டு கட்டத்திலும் போடலாம். பரிசோதகர் பார்க்கும்போது கடப்பிதழில் உள்ள எழுத்துகள் டிக்கெட்டிலும் இருக்க வேண்டும். வீட்டில் கூப்பிடும் பெயரையோ சுருக்கத்தையோ போட வேண்டாம்.

செங்காங்வாசி | புதன், இரவு 10.10

இன்று இருவரும் உட்கார்ந்து பேசி முடித்துவிட்டோம். அம்மாவின் விசா விண்ணப்பம் முதல் வேலை. ஷெங்கன் வந்த அன்றே பாசெல்–பாரிஸ், பிரிட்டன் விசாவும் வந்ததும் பாரிஸ்–லண்டன், இரண்டும் மதிய ரயில். பிராங்க்ஃபர்ட்–பாசெல் மறுநாள் காலை பத்து மணிக்கு மேல், ஐந்து இருக்கைகளோடு. சுவிட்சர்லாந்துக்குள் பாதிக் கட்டண அட்டை, மற்றதெல்லாம் அன்றன்றைக்கு. எடின்பரோவை விட்டுவிடுகிறோம், அம்மாவுக்கு அது அதிகம்.

ஒரே ஒரு சந்தேகம். யூரோஸ்டார் ஏறும் இடத்தில் நீண்ட வரிசை என்கிறார்கள். அம்மாவால் அவ்வளவு நேரம் நிற்க முடியாது.

ரயில்பித்தன் | புதன், இரவு 11.05

அது முன்கூட்டியே செய்ய வேண்டிய வேலைதான். உட்லண்ட்ஸில் தெப்ராவ் ஏறும்போது இரண்டு நாட்டுக் குடிநுழைவும் அங்கேயே முடிவதுபோல, பாரிஸ் கார் து நோர் நிலையத்திலும் பிரெஞ்சு, பிரிட்டிஷ் சோதனை இரண்டும் ஏறுவதற்கு முன்பே நடக்கும். 2025 அக்டோபரிலிருந்து ஐரோப்பிய எல்லைகளில் கைரேகை, முகப் படம் எடுக்கும் முறை வந்திருக்கிறது, 12 வயதுக்குக் கீழே என்றால் படம் மட்டும். வாசல் புறப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே மூடிவிடும். ஒன்றரை மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள்.

அம்மாவுக்குச் சக்கர நாற்காலி உதவியை டிக்கெட் எடுத்த கையோடு இணையத்திலேயே பதிவு செய்யுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. ஜெர்மனி, சுவிஸ், பிரான்ஸ் மூன்றிலும் இதே உதவி உண்டு, ஆனால் எந்த ரயில், எந்த நிலையம் என்று முன்னரே சொல்ல வேண்டும். பாசெலில் ரயில் மாறும் இடத்துக்கும் கேளுங்கள். அங்கே நடைமேடை மாற மேலே ஏறி இறங்க வேண்டியிருக்கும்.

ஈசூன் ராஜி | வியாழன், காலை 7.05

நாற்காலி வேண்டாம் என்று அம்மா சொல்வார். நீங்கள் கேட்காமலேயே பதிவு செய்துவிடுங்கள் தம்பி.